அக்கா கொடுத்த வரிக்கோழி

கோழின்னாலே எனக்கு ஆகாது. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் என்னை ஏதோ பெரிய பறவைப் பிரியன்னு நீங்க நினைச்சுக்கக் கூடாது. பொழுதன்னைக்கும் எதையாவது கிளறும், கிளறினதை என் செருப்பு மேல தள்ளும், விரட்டினா தலையைச் சாய்ச்சு ஒத்தக் கண்ணால ஒரு பார்வை பார்க்கும், என்னமோ நான்தான் அது வீட்டுல குடியிருக்கிற மாதிரி. ஆனா என் வீட்டுக்காரிக்குக் கோழி வேணும். அவளுக்கு ஒண்ணு வேணும்னா அது நடந்தாகணும். நடக்கலைன்னா எங்க வீட்டுல குக்கரைத் தவிர வேற யாரும் சத்தம் போட மாட்டாங்க. அப்படித்தான் நான் இந்தக் கோழி விவகாரத்துல மாட்டிக்கிட்டேன்.

என் வீட்டுக்காரியைச் சின்னவன்னு சொன்னாத்தான் சொந்தக்காரங்களுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே ஒரு அக்கா, அவங்க பெரியவ. பெத்தவங்களுக்கு இவங்க ரெண்டு பேர்தான். நானும் பெரியவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவேன், அவங்க என்னைத் தம்பின்னு கூப்பிடுவாங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நாலு தெரு. வாயில போட்ட மிட்டாய் கரையறதுக்குள்ள நடந்து போயிடலாம். அப்படி இருந்தும் ஒரு வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசலை.

காரணம் கோழிதான், வேற என்ன. போன வருஷம் சின்னவ ஒரு பண்ணையில இருந்து எட்டு வெள்ளைக்கோழி வாங்கினா. எல்லாம் ஒரே அச்சு, எது எதுன்னு அதுங்களுக்கே தெரியாது. அக்கா பல வருஷமா கோழி வளர்க்கிறவங்க. தங்கச்சியும் ஆரம்பிச்சிருக்காளேன்னு சந்தோஷப்பட்டு, தன் வீட்டுல பொரிச்ச ஒரு பெட்டையைக் கூடையில போட்டு மூடிக் கொண்டுவந்து கொடுத்தாங்க. அந்த வாரமே வெள்ளைக்கோழிங்க ஒவ்வொண்ணா கழுத்தைத் தொங்கப்போட ஆரம்பிச்சுது. வாரம் முடியறதுக்குள்ள கூண்டு காலி. அக்கா கொடுத்ததும் போச்சு. பண்ணையில இருந்து வரும்போதே அதுங்க வியாதியோட வந்துச்சோ என்னவோ, யார் கண்டா. அக்கா வீட்டுல மத்த கோழி எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு, அதை நான் என் கண்ணால பார்த்தேன். அதைச் சொன்னா சின்னவ காதுல ஏறலை.

விஷயம் கேள்விப்பட்டு அக்கா ஓடி வந்தாங்க. இவ வாசல்லயே நிறுத்தினா. அக்கம்பக்கத்துல எல்லாரும் எட்டிப் பார்க்குறாங்க.

"உன் கை பட்டது எது அக்கா விளங்கியிருக்கு? கடை விளங்குச்சா, புருஷன் விளங்கினாரா? என் கோழியாவது தப்பிக்கும்னு நினைச்சேன்."

அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் பஸ் நிக்கிற இடத்துல டீக்கடை வச்சிருந்தாங்க. அவர் நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரலை. தனியா நடத்திப் பார்த்தாங்க, முடியலை, கடையை மூடிட்டு ஒரு லாண்டரியில துணி தேய்க்கப் போறாங்க. இதெல்லாம் தெரிஞ்ச தங்கச்சி கேட்ட கேள்வி அது. எனக்கும் மூக்குக்கு மேல கோபம் வரும், நானும் நாலு வார்த்தை விடுறவன்தான். ஆனா சிலதைத் தொண்டை வரைக்கும் வந்தாலும் முழுங்கிடணும். அக்கா தன் ரெண்டு கையையும் ஒரு தடவை பார்த்தாங்க, அன்னைக்குக் கோழி கொண்டுவந்த கூடை வாசல்லயே கிடந்தது, அதை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. சின்னவ உள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. கோழிக்கு அழுதாளா அக்காவுக்கு அழுதாளான்னு கேட்க எனக்குத் தைரியம் வரலை.

இந்த வருஷம் மறுபடி ஆரம்பிச்சா. "அன்னைக்கு எல்லாம் ஒரே ஜாதியா வாங்கினதுதான் தப்பு. ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் வந்துடுது. இந்தத் தடவை நாலே நாலு போதுங்க. நாலும் நாலு ஜாதியா இருக்கணும்." இது எந்த டாக்டர் சொன்ன வைத்தியம்னு கேட்டேன். "என் புத்திக்குத் தெரியாதா?"ன்னா.

ஊர்ல எந்த வீட்டுக் கொல்லையில என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். என் வேலை அப்படி. வீடு வீடா கேஸ் சிலிண்டர் போடுறவன். நேரா சமையல்கட்டு வரைக்கும் போற ஆள். சிலிண்டரை இறக்கி, மூடியைக் கழட்டி, வாஷர் இருக்கான்னு பார்த்து, ரெகுலேட்டரை மாட்டி, சோப்பு நுரை தடவிக் கசிவு இல்லைன்னு காட்டிட்டு, "அப்புறம், உங்க வீட்டுல கோழி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டுப் பாருங்க. ஜனங்க பேய் முழி முழிப்பாங்க. ஒரு அம்மா, "ஏன், கோழி இருந்தா சிலிண்டர் போட மாட்டீங்களா?"ன்னு பயந்து கேட்டாங்க.

முதல்ல கிடைச்சது செவப்புக்கோழி. டயர் கடைக்காரர் கொடுத்தார். பிறந்ததுல இருந்து கடைக்குள்ளயே வளர்ந்தது, பழைய டயருக்குள்ள சுருண்டு படுத்தாத்தான் அதுக்குத் தூக்கம் வருமாம். அதனால கோழியோட ஒரு டயரையும் என் தலையில கட்டினார். சிலிண்டர் வண்டியில நான் கோழியையும் டயரையும் வச்சுக்கிட்டு வர்றதைப் பார்த்து எங்க தெருவே சிரிச்சுது.

ரெண்டாவது, பியூட்டி பார்லர் வச்சிருக்கிற அம்மாகிட்ட இருந்த வெள்ளைக் கொண்டைக்காரி. தலை மேல பூப்பந்து மாதிரி இறகு, கண்ணை மறைச்சுத் தொங்கும். "மாசம் ஒரு தடவை முன்னாடி கொஞ்சம் வெட்டிவிடுங்க அண்ணா, இல்லைன்னா செவுத்துல போய் முட்டிக்கும்"னாங்க. எனக்கு முடி வெட்டிக்கவே நேரம் கிடைக்கிறதில்ல.

மூணாவது, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வீட்டு மொட்டைக்கழுத்து. கழுத்துல பேருக்குக்கூட ஒரு இறகு இல்ல, செக்கச்செவேல்னு தோல்தான். சின்னவ பார்த்ததும் நாலடி பின்னால போயிட்டா.

"என்னங்க இது, பாதி உரிச்சு வச்ச மாதிரி இருக்கு? வியாதியா?"

"ஜாதியே அப்படித்தானாம். முட்டையில இருந்து வரும்போதே மொட்டைதானாம்."

அவ நம்பலை. மறுநாள் வாத்தியார் வீட்டுக்கே போய், அங்க இருக்கிற குஞ்சு கழுத்தையெல்லாம் ஒவ்வொண்ணா தடவிப் பார்த்துட்டு வந்தா. அப்புறம்தான் சேர்த்துக்கிட்டா. இறகு இல்லாத கோழியை அவ்வளவு விசாரிச்சுச் சேர்த்துக்கிட்டவதான் அவ. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

நாலாவது வரிக்கோழியா இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. சாம்பல் கலர்ல வெள்ளை வரி போட்டது, கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். ஏன் அதுவேன்னு எனக்குத் தெரியும். சண்டைக்கு முன்னால ஒரு நாள் அக்கா வீட்டுல வரிக்கோழிக் குஞ்சு ஒண்ணை மடியில வச்சுக்கிட்டு, வந்த வேலையை மறந்துட்டு உட்கார்ந்திருந்தா. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டா. நானும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன். கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில்தான். "ஏன், உங்க வீட்டுக்காரியோட அக்கா வீட்டுலயே இருக்கே."

வந்து சின்னவகிட்ட சொன்னேன். "ஒரே ஒரு வீட்டுலதான் இருக்காம்."

"எந்த வீடு?"ன்னு அவ கேட்கலை. "அப்ப வேண்டாம்"னு எழுந்து போயிட்டா. காலையில எனக்கு டீயை வச்சுட்டு, எங்கயோ பார்த்துக்கிட்டு, "வேற எங்கயுமே இல்லையா?"ன்னா.

அந்த வாரம் அக்கா வீட்டுக்கு சிலிண்டர் போட வேண்டியிருந்தது. இவங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லைன்னாலும் அடுப்பு எரியணுமே, அதனால நான் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். சிலிண்டரை மாட்டிட்டு நிமிர்றேன், அக்கா கதவுல சாய்ஞ்சு நின்னு சிரிக்கிறாங்க.

"என்ன தம்பி, ஊரெல்லாம் கோழி தேடுறீங்களாம்? டயரோட எல்லாம் போறீங்களாம்?"

"மானம் போகுதுக்கா. மூணு கிடைச்சுது. நாலாவதுக்குத்தான் நாயா அலையறேன்."

"நாலாவது என்ன?"

நான் சிலிண்டரைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பின்பக்கம் போனாங்க. வரும்போது கையில ஒரு வரிக்கோழி. அவங்ககிட்ட இருந்ததுலயே நல்லது அதுதான், கோழி பிடிக்காத எனக்கே தெரிஞ்சுது. வரி ஒவ்வொண்ணும் அளவெடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அக்கா கையில அது கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு உள்ள விட்டாங்க.

"அவகிட்ட சொல்லாதீங்க. சொன்னா வாங்க மாட்டா."

"எப்பவுமே சொல்லக் கூடாதாக்கா?"

"நானே வந்து சொல்றேன். இது அங்க நல்லா இருந்து, முட்டை போட்டு, அவளுக்குப் பழகட்டும். ஒரு ரெண்டு மூணு மாசம். அப்புறம் வந்து, 'பாருடி, இது என் கை வளர்த்தது, உன் வீட்டுல விளங்கியிருக்கு'ன்னு சொல்லணும் தம்பி." பெட்டியைக் கயித்தால கட்டினாங்க. "ஒரு வருஷமா அந்த வார்த்தை காதுலயே நிக்குது. தேய்க்கும்போது யாரோட சட்டையாவது கருகிட்டா, கை ராசிதானோன்னு தோணுது. எனக்கே அப்படித் தோண ஆரம்பிச்சிடுச்சு, அதுதான் கஷ்டமா இருக்கு."

நான் சத்தியம் பண்ணாத குறையா தலையாட்டிட்டு வந்தேன். வீட்டுல, எங்க கேஸ் டெப்போ மேனேஜரோட மச்சான் வீட்டுல வாங்கினதுன்னு ஒரு பொய்யை அவிழ்த்து விட்டேன். சின்னவ அதெல்லாம் காதுல வாங்கலை. கோழியை மார்போட அணைச்சுக்கிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தா. வரிக்குதிரைன்னு பேர் வேற வச்சா. வந்த மூணாம் நாளே அது ஒரு முட்டை போட்டுச்சு. அந்த முட்டையை அவ யாருக்கும் தரலை, ரொம்ப நாள் ஜன்னல்லயே வச்சிருந்தா. அக்கா ஜெயிச்சுட்டாங்கன்னு நான் மனசுக்குள்ள குதிச்சேன்.

ஒரு மாசம் போயிருக்கும். முட்டை நின்னுபோச்சு. அப்புறம் கூண்டுல அங்கங்க ஒரு வரி இறகு கிடந்தது. மூலையில போய்ச் சுருண்டு நின்னுச்சு, கொண்டை வெளுத்துப்போச்சு.  சின்னவ விடிஞ்சதும் முதல் வேலையா கூண்டைத்தான் போய்ப் பார்த்தா, பார்த்துட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தா.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்கு அடுத்த சிலிண்டர். உள்ள நுழையறதுக்கு முன்னாடியே கேட்டாங்க.

"எப்படி இருக்கு தம்பி? முட்டை போடுதா?"

லாண்டரியில இருந்து அப்பத்தான் வந்திருப்பாங்க போல, கையெல்லாம் சூட்டுல சிவந்து இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கிட்டு உள்ளதைச் சொல்ல எனக்கு மனசு வரலை.

"அதுக்கென்னக்கா, ஜம்முனு இருக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டை."

"இறகெல்லாம் நல்லா இருக்கா?"

"மினுமினுன்னு இருக்கு."

அக்கா அப்படியே சேர்ல உட்கார்ந்துட்டாங்க. "அப்பாடா"ன்னாங்க. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாங்க. அவங்க போடுற டீயைக் குடிக்கிறதுக்குன்னே ஒரு காலத்துல ஜனங்க பஸ்ஸை விட்டுட்டு நிப்பாங்க. அந்த டீயைக் குடிக்கும்போதுதான் எனக்குக் குத்துச்சு. இருந்தாலும், கோழி ரெண்டு நாள்ல சரியாயிடும், பொய்யும் உண்மையாயிடும்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

ரெண்டு நாள்ல கோழி பாதியாயிடுச்சு. முதுகுல தோல் தெரிஞ்சுது, வால்ல ஒரே ஒரு இறகு ஆடிக்கிட்டு நின்னுச்சு. நான் வேலைக்குப் போயிட்டு வர்றேன், வீட்டு வாசல்லயே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைக்குது. சின்னவ கூண்டைத் தேய்ச்சுக் கழுவிக்கிட்டிருந்தா. மத்த மூணும் கயித்துல கட்டி வெயில்ல கிடந்துச்சுங்க.

"வரிக்கோழி எங்க?"

"தெருமுனைக் கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன். கொல்லையில குழி வெட்டி, பவுடர் போட்டுப் புதைச்சாச்சு."

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை..."

"எதுக்கு? போன வருஷ மாதிரி எல்லாம் சாகிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருக்கவா?" கையை ஓங்கி வாளியில தட்டினா. "எனக்கு மட்டும் ஆசையா? அதைத்தான் நான் தூக்கி வச்சுக்கிட்டே திரிஞ்சேன்."

அறுத்துப் பார்த்துட்டு, ஈரல் சுத்தமா இருக்கேம்மா, கோழி நல்ல கனமா இருக்கேன்னு கறிக்கடைக்காரர் சொன்னாராம். இவ கேட்கலை. புதைங்கன்னுட்டா. அந்த நிமிஷமே, அது அக்கா கொடுத்ததுன்னு நான் சொல்லியிருக்கணும். சொன்னா மறுபடி என்ன வார்த்தை அவ வாயில இருந்து வருமோன்னு பயந்தேன். 'பார்த்தீங்களா, அவ கை'ன்னுட்டான்னா, அதை நான் எந்தக் காதால கேட்கிறது?

அதுக்கப்புறம் அக்கா தெருவுக்கு நான் போகலை. முதுகுவலின்னு சொல்லி, பக்கத்து ரூட் வண்டிக்காரரை அந்தத் தெருவுக்கு அனுப்பினேன். அக்கா ஏதாவது கேட்டாங்களான்னு அவர்கிட்ட கேட்டேன். ஒண்ணும் கேட்கலைன்னார். அதுவே எனக்கு உறுத்தலா இருந்தது.

மழைக்காலம் முடியற சமயம். ஒரு நாள் காலையில சின்னவ கத்தின கத்துல நான் பாதிச் சவரத்தோட ஓடினேன். கூண்டுக்குள்ள வெள்ளை இறகும் செவப்பு இறகும் மெத்தை மாதிரி கிடக்கு. கொண்டைக்காரிக்குக் கொண்டையே இல்ல. செவப்புக்கோழி டயருக்குள்ள இருந்து வெளியவே வரலை.

"வந்துடுச்சுங்க. மறுபடியும் வந்துடுச்சு."

இந்தத் தடவை நான் விடலை. கொண்டைக்காரியை அட்டைப்பெட்டியில போட்டு, சின்னவளை பைக்ல பின்னால உட்காரவச்சு, மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. கோழியைப் புரட்டிப் பார்த்தாங்க, இறகு விழுந்த இடத்தை விரலால தடவினாங்க.

"ஒண்ணும் இல்லம்மா. இறகு மாத்துது. பழசு உதிர்ந்து புதுசு வருது. இதோ பாருங்க, ஊசி ஊசியா முளைக்குதே. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கோழியும் பண்றதுதான். அந்தச் சமயத்துல முட்டை போடாது, கொஞ்சம் சோர்ந்து இருக்கும். நல்ல தீனி போடுங்க, போதும்."

சின்னவ அந்த ஊசி முளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. "இதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு இப்படி ஆச்சு டாக்டர். புதுசா வாங்கிட்டு வந்த கோழி. வந்து ஒரு மாசத்துலயே..."

"இடம் மாறினா சிலதுக்கு முன்கூட்டியே ஆரம்பிச்சிடும். இப்ப அது நல்லா ஆயிடுச்சா?"

சின்னவ கோழியை எடுத்துப் பெட்டிக்குள்ள விட்டா. நான்தான் பெட்டியை மூடினேன்.

பைக்ல வரும்போது வழியில நிறுத்தச் சொன்னா. ஒரு பூட்டின கடை வாசல்ல இறங்கி நின்னா. கண்ணு கலங்கியிருந்தது.

"நல்ல கோழியை அநியாயமா சாகடிச்சுட்டேன்ங்க. அந்த மேனேஜர் மச்சான் வீட்டுல அதோட கூடப் பொறந்தது ஏதாவது இருந்தா, இன்னொண்ணு கேட்டு வாங்கிட்டு வாங்க. இந்தத் தடவை கண்ணு மாதிரி பார்த்துக்கிறேன்."

"மேனேஜருக்கு மச்சானே கிடையாது"ன்னேன்.

அவ என்னைப் பார்த்தா. நான் எல்லாத்தையும் சொன்னேன். பெட்டியில ஓட்டை போட்டது, ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்து சொல்றேன்னது, சட்டை கருகினா என்ன தோணுதுன்னு சொன்னது. 'இறகெல்லாம் நல்லா இருக்கா'ன்னு அவங்க கேட்டதையும் நான் மினுமினுன்னு இருக்குன்னதையும் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைச்சது. இத்தனை வருஷம் கோழி வளர்த்தவங்க. இறகு கொட்டுதுக்கான்னு உள்ளதைச் சொல்லியிருந்தா, விடுங்க தம்பி, மாத்துதுன்னு ஒரே பேச்சுல முடிச்சிருப்பாங்க.

சின்னவ என்னைத் திட்டுவான்னு நின்னேன். திட்டலை. "வண்டியை அக்கா வீட்டுக்கு விடுங்க"ன்னா. மடியில பெட்டியோட ஏறி உட்கார்ந்தா.

அக்கா வீட்டுக் கொல்லை சுத்தமா இருந்தது. கோழிக் கூண்டைக் கழுவிக் கவுத்து வச்சிருந்தாங்க. தீனிக் கிண்ணத்துல துணி கிளிப் கிடந்தது. ஒரு கோழி இல்ல. அக்கா கொடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு, அடுத்த நொடியே அடங்கிடுச்சு.

"வாங்க. உள்ள வாங்க."

"கோழி எல்லாம் எங்கக்கா?" சின்னவதான் கேட்டா. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவங்ககிட்ட பேசின முதல் பேச்சு அது.

"லாண்டரியில கூட வேலை செய்யறவங்ககிட்ட கொடுத்துட்டேன். அங்கயாவது நல்லா இருக்கட்டும்."

"அக்கா, அந்த வரிக்கோழி..."

"தெரியும்மா. கறிக்கடைக்காரரோட துணி எங்ககிட்டதான் தேய்க்க வரும். நல்ல வரிக்கோழி ஒண்ணை உங்க தங்கச்சி அறுத்துப் புதைக்கச் சொல்லிட்டாங்கன்னு வருத்தப்பட்டுச் சொன்னார்."

சின்னவ அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. "வியாதி இல்லக்கா. அது இறகுதான் மாத்திக்கிட்டிருந்துச்சு. டாக்டர் இப்பத்தான் சொன்னாங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. கோழி மேலயும் தப்பு இல்ல, உன் மேலயும் தப்பு இல்ல. அவசரப்பட்டவ நான். என்னை நாலு அறை அறைஞ்சிடுக்கா."

"இறகு கொட்டியிருந்துச்சுன்னு அவர் சொல்லும்போதே, அது மாத்துறதுதான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." அக்கா குரல்ல கோபமே இல்ல, அதுதான் தாங்க முடியலை. "எல்லாக் கோழியும்தான் இறகு மாத்துது. உன்கிட்ட இருக்கிறதும் இப்ப மாத்தியிருக்குமே, அதுங்க உசுரோடதானே இருக்கு? நான் கொடுத்தது மட்டும்தானே அதுக்குச் செத்துச்சு. அன்னைக்கு நீ கோபத்துல சொன்னேன்னு நினைச்சேன். கோபத்துல சொன்னாலும் உள்ளதைத்தான் சொல்லியிருக்க."

"நான் ஒரு மடச்சி, என்னவோ உளறினேன். அதைப் பிடிச்சுக்கிட்டு..." சின்னவ அழுதுக்கிட்டே அவசர அவசரமா பெட்டியைத் திறந்து கொண்டைக்காரியை எடுத்தா. மண்டை வழுக்கை, முதுகு முழுக்க ஊசி முளை. அதை அக்கா முன்னால நீட்டினா. "இதைப் பிடி. நீயே வச்சுக்க. உன் கையில இதுக்கு இறகு முளைக்கட்டும். முளைக்கும்க்கா, பிடி."

அக்கா கோழியைப் பார்த்தாங்க. அவங்க விரல் அசைஞ்சதை நான் பார்த்தேன், பொய் சொல்லலை. அப்புறம் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாங்க.

"கீழ விடு. பாவம், குளிருதோ என்னவோ. போகும்போது பத்திரமா எடுத்துக்கிட்டுப் போ."

"ஒரே ஒரு தடவை தொடுக்கா."

"வேண்டாம்மா."

சின்னவ நீட்டின கையோட கொஞ்ச நேரம் இருந்தா. அப்புறம் கோழியைக் கீழ விட்டா. அது நடந்து போய் அக்கா காலடியில நின்னு, தலையைச் சாய்ச்சு மேல பார்த்துச்சு. அக்கா மெதுவா காலை நகர்த்திக்கிட்டாங்க.

"டீ குடிக்காம போகக் கூடாது"ன்னாங்க அக்கா. சமையல்கட்டு வாசல் வரைக்கும் போய், தன் ரெண்டு கையையும் பார்த்துட்டு அங்கயே நின்னுட்டாங்க. "சின்னவளே, நீயே வந்து போட்டுடும்மா. சக்கரை மேல் தட்டுல இருக்கு, பால் இப்பத்தான் வாங்கினேன்."

சின்னவ எழுந்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு உள்ள போனா. அடுப்பைப் பத்தவச்சா. அக்கா வாசப்படியில நின்னுக்கிட்டு, "கொதிக்கட்டும், இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, உள்ள வரலை. சின்னவளுக்கு டீ போட வராது. ஒண்ணு தண்ணியா இருக்கும், இல்ல கசக்கும். அன்னைக்குக் கசந்துச்சு. மூணு பேரும் குடிச்சோம்.